நாற்பத்தேழாம் பாத்தி

ஏப்ரலில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை
முழங்காலில் பஞ்சுத்திண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவோம்.
ஸாலெ ஆற்றிலிருந்து எழும் பனி
ஃபிளாஸ்க் மூடிகளில் வந்து உட்காரும்.
ரோஸ்விதா, டோர்பென், மெக்ட்டில்ட், நான்.
மணிக்கூலி. முதுகுவலி இனாம்.

ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு தகரப் பட்டியல்:
இதில் புல் மட்டும்.
இதில் புல்லும் குளோவரும்.
அதோ அதில் பதினாறு பேர், ஒரே குடித்தனம்.
பட்டியலில் இல்லாதது களை.
இங்கே குடியுரிமையுள்ள டெய்சி
இரண்டடி தள்ளி முளைத்தால் திருட்டுக் குடியேறி.
"நம் பெயர்கூடத்தான் எதிலும் இல்லை" என்பாள் ரோஸ்விதா,
பிடுங்கிக்கொண்டே.

நாற்பத்தேழில் குளோவர் மட்டும்.
முதல் வருஷம் படுத்துத் தூங்கலாம் போலிருந்தது.
ஐந்தாம் வருஷம் நடுவில் வழுக்கை.
யாரும் மிதிக்கவில்லை, எதுவும் மேயவில்லை.
தன் வேரைத் தின்னும் பூஞ்சையைத்
தானே ஊட்டி வளர்த்திருந்தது.

பதினாறு பேர் வீட்டில் ஆரம்பத்தில் அடிதடி.
எல்லாரும் ஒரே வெளிச்சத்துக்குக் கழுத்தை நீட்டினார்கள்.
குட்டை செத்தது, நெட்டை சாய்ந்தது.
செத்தது விதை விடாது;
சூட்சுமம் அவ்வளவுதான்.
பதினொரு கோடை போனபின் பார்த்தால்
புல் மெலிந்து மேலே போயிருக்கிறது.
குளோவர் இலையை அகலித்து நிழலோடு காலம் தள்ளுகிறது.
டான்டிலியனின் ஆணிவேர்
என் கத்தி எட்டாத ஆழத்தில்.
கூடிப் பேசி எடுத்த முடிவில்லை இது.
யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.
ஆளில்லாத பக்கம் ஒதுங்கியவர்களுக்குப்
பிள்ளைகள் பிழைத்தன.

கடையில் வாங்கிய அதே பதினாறு விதையைப்
பக்கத்துத் தொட்டியில் போட்டாள் ஆல்முட்.
அவை பழைய கதையை முதலிலிருந்து தொடங்கின.
முழங்கை, முட்டி, இடி.
ஆகஸ்டில் இரண்டையும் அறுத்து, உலர்த்தி, நிறுத்தாள்.
சேர்ந்து பழகியவை கனத்தன.
கிராமில் சொன்னாள், தசமப் புள்ளியோடு.

செடி மண்ணை மாற்றுகிறது,
மாறிய மண் அடுத்த செடியைப் பொறுக்குகிறது,
அந்தச் செடி மறுபடி மண்ணை.
இதில் எது முதல், என்று கேட்டேன்.
ஆல்முட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
தொட்டியையே பார்த்தாள்.

எனக்குத் தெரிந்தது வேறொன்று.
நான் வந்த புதிதில் இழுத்தால்
வேரும் மண்ணுமாய் வந்த களைப்புல்
இப்போது கழுத்தில் ஒடிகிறது.
மேல்பாதி என் கையில், வேர் உள்ளே, சுகமாக.
முழுசாய் வந்தவற்றுக்கு வம்சமில்லையே.
ஆக, இந்தப் புல்
நான் வளர்த்தது.
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
இந்த வயலுக்கு ஒரு பருவகாலம்:
வெயில், உறைபனி, ஆற்றுவெள்ளம், நான்.

வெள்ளம் வந்ததும் ஒரு ஜூனில்தான்.
மூன்று வாரம் நின்றது தண்ணீர்.
தகரப் பட்டியல்கள் மட்டும் தலைகாட்டின,
யாரும் இல்லாத வீடுகளின் பெயர்ப்பலகைகள்.
வடிந்தபின் பதினாறில் பத்து எழுந்தது.
நாற்பத்தேழில் சேறு.

போன ஜூலை
அந்த வழுக்கையில் ஒரு டெய்சி.
இரண்டே இலை.
டோர்பென் சிகரெட் சுற்றிக்கொண்டிருந்தான்.
அதன்மேல் ஒரு குளோவர் தண்டைச் சாய்த்துவிட்டு
நகர்ந்துவிட்டேன்.
ஆல்முட்டின் நோட்டில் அது இல்லை.

இந்த ஏப்ரலில் முதலில் அங்கேதான் போனேன்.
யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.
ஒழுங்காக, வேரோடு. மெக்ட்டில்ட்டாக இருக்கும்.
குழி இன்னும் ஈரமாக, கறுப்பாக.
விளிம்பில் மூன்று முளை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் குனிந்தேன்.
குளோவர்.

பட்டியலில் இருப்பவை.
திண்டை இழுத்துக்கொண்டு
நாற்பத்தெட்டுக்கு நகர்ந்தேன்.